முதல் ஐந்து கிலோ ராடை எதில் எரிப்பது?

கடைகளில் இன்றும் பத்துக் கேஜ் என்று கேட்டு வாங்கப்படும் 3.15 மி.மீ. வெல்டிங் ராடு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 35 நிற்கும். ஒரு ராடு எரிந்து தீர ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஐந்து கிலோ வாங்கினால் மூன்று மணி நேரம் ஆர்க் (ராடு நுனிக்கும் இரும்புக்கும் இடையே நிற்கும் மின்சுடர்) எரியும், அவ்வளவுதான். வெல்டிங் பழக ஆசைப்படுபவர்கள் எந்த இயந்திரம் வாங்கலாம் என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். அந்த மூன்று மணி நேரத்தை எந்த இரும்பின் மேல் செலவழிப்பது என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

நானும் கேட்கவில்லை. என் மூன்று மணி நேரத்தை ஓர் ஆட்டுக் கொட்டகைக் கதவில் தொலைத்தேன். ஒன்றேகால் அங்குல ஸ்கொயர் டியூப், சுவர்க் கனம் 1.2 மி.மீ. ராடு தொட்ட இடமெல்லாம் ஓட்டை விழுந்தது. ஓட்டையை அடைக்கப் போனால் அது பெரிதானது. ஆம்பியரைக் குறைத்தால் ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டு, பிடுங்க வராமல் சிவந்தது. கடைசியில் தெருமுனைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த அண்ணன் கதவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஆட்டை அடைக்கவா, மாவு சலிக்கவா?" என்றார். பிறகு மூலையில் கிடந்த இரண்டு நூல் தகடு ஒன்றை எடுத்துக் கொடுத்து, இதில் நூறு கோடு போட்டுவிட்டு வா என்றார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு நூல் தகடு என்றால் 6 மி.மீ. கனம்.

தகடா, டியூபா?

டியூபில் தொடங்குவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. வீட்டுக்குத் தேவைப்படுவது கேட், ஜன்னல் கம்பி, மேசைக் கால், ஷெட். எல்லாமே மெல்லிய டியூப்தான். செய்யப்போவதையே பழகினால் என்ன என்று தோன்றும். ஆனால் 1.2 மி.மீ. சுவரில் வெப்பம் பரவ இடமே இல்லை. 2.5 மி.மீ. ராடை 60 ஆம்பியரில் வைத்தாலும் ஒரே இடத்தில் நொடி நேரம் தயங்கினால் போதும், பொத்துவிடும். பயந்து கையைத் தூக்குவோம். தூக்கினால் ஆர்க் நீளும், சூடு அகலமாகப் பரவும், சிதறல் தெறிக்கும். ஆகவே தொட்டு எடுத்து, தொட்டு எடுத்துப் புள்ளி புள்ளியாக வைக்கப் பழகுவோம். கேட் பட்டறைக்காரர்களும் இப்படித்தான் வைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் எந்த நொடியில் எடுப்பது என்று அவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் உருகிய குழம்பு எப்போது தொய்யத் தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்கும் கண் அவர்களிடம் இருக்கிறது. புதியவருக்கு அந்தக் குழம்பு அரை நொடிக்கு மேல் கண்ணில் படுவதே இல்லை. பார்க்காததை எப்படிக் கற்பது?

6 மி.மீ. தகடு பொறுமைசாலி. 3.15 ராடை 110 ஆம்பியரில் வைத்து இழுத்தால், ஒரு ராடுக்கு ஏறத்தாழ ஒரு சாண் நீளக் கோடு கிடைக்கும். அந்த ஒரு நிமிடமும் இடைவிடாமல் குழம்பைப் பார்க்கலாம். அதன் அகலம் கூடுகிறதா, பின்பக்கம் உறைகிற வளையம் வட்டமாக இருக்கிறதா அல்லது அம்புமுனைபோல் கூராகிறதா, ராடின் மேற்பூச்சு உருகி வரும் கசடு எங்கே ஓடுகிறது என்றெல்லாம் கவனிக்க அவகாசம் இருக்கிறது. அலைகள் கூராக இருந்தால் கை வேகமாகப் போகிறது. கோடு கயிறுபோல் மேலே உருண்டு நின்றால் கரண்டு போதவில்லை. ஓரங்களில் அரித்ததுபோல் பள்ளம் விழுந்தால் கரண்டு கூடுதல், அல்லது ஆர்க் நீளம். தகட்டில் இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். டியூபில் எல்லாத் தவறுக்கும் ஒரே விடைதான், ஓட்டை.

தகட்டுக்கும் ஒரு தொல்லை உண்டு. உள்ளங்கை அளவுத் துண்டில் ஐந்தாறு கோடு போட்டால் முழுத் துண்டும் கொதித்துவிடும். அதற்குப் பிறகு வரும் கோடுகள் தாமாகவே தட்டையாக, அழகாக விழும். கை தேறிவிட்டது என்று ஏமாந்துபோவோம். முதல் தோசை கல்லில் ஒட்டி, நான்காவது தோசை நன்றாக வருவதைப் போலத்தான் இதுவும். கல் காய்ந்தது, கை மாறவில்லை. மூன்று துண்டுகளை வைத்து மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. அவசரமென்றால் பயிற்சித் துண்டை வாளித் தண்ணீரில் முக்கலாம். உண்மையான வேலையில் அப்படிச் செய்யக்கூடாது, சில வகை எஃகு அதில் வெடிப்பு விடும்.

பழைய இரும்புக் கடையில் தகடு கிடைக்காவிட்டால் ஆங்கிள் துண்டு போதும், 5 மி.மீ. கனம் இருந்தால் சரி. துருவையும் பெயின்டையும் கிரைண்டரால் எடுத்துவிட வேண்டும். வெள்ளி மினுமினுப்போடு இருக்கும் ஜி.ஐ. துண்டுகளை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். அதன் மேல் இருக்கும் துத்தநாகம் புகையாகி நெஞ்சுக்குள் போனால் அன்று இரவு குளிர்காய்ச்சல் வரும்.

தகட்டில் பழகியவருக்கு டியூப் தானாக வந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது வேறு கணக்கு. ஆனால் தகட்டிலிருந்து டியூபுக்குப் போக எனக்கு ஒரு வாரம் ஆனது. டியூபிலிருந்தே தொடங்கிய ஆட்டுக் கதவுக் காலத்தில், இரண்டு மாதமாகியும் ஓரடி முன்னேறவில்லை.

6013, 7018, பிறகு காணொளிகளில் வரும் 6010

ராடின் வகையைச் சொல்லும் இந்த எண்களின் பொருள் எளிது. முதல் இரண்டு இலக்கம் வெல்டிங் உலோகத்தின் இழுவலிமை: 60 என்றால் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு, 70 என்றால் 70,000. அடுத்து வரும் 1, படுக்கை, செங்குத்து, தலைக்கு மேல் என எல்லா நிலைகளிலும் வைக்கலாம் என்பதைக் குறிக்கிறது. கடைசி இலக்கம் மேற்பூச்சின் வகையையும் அதற்கேற்ற கரண்டையும் சொல்லும்.

தமிழ்நாட்டில் எந்த ஹார்டுவேர் கடையிலும் எண் சொல்லாமல் ராடு கேட்டால் கையில் வருவது 6013தான். எளிதில் பற்றிக்கொள்ளும், ஏசி டிசி இரண்டிலும் எரியும், சிதறல் குறைவு, கோடு வழவழப்பாக வரும். இதன் குறை கசடு. குழம்பும் கசடும் ஒரே சிவப்பாக, ஒன்றோடொன்று கலந்து தெரியும். எது இரும்பு, எது கசடு என்று பிரித்தறியவே புதியவருக்கு ஒரு கிலோ தீர்ந்துவிடும். கரண்டு குறைந்தாலோ ராடின் சாய்வு தவறினாலோ கசடு முன்னால் ஓடிப்போய்க் குழம்புக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். மேலே பார்க்கக் கோடு பளபளக்கும்; கிரைண்டர் போட்டால் உள்ளே கரும்புள்ளிகள் தெரியும்.

7018இல் இந்தக் குழப்பம் குறைவு. குழம்பு தெளிவாகத் தெரியும், கோடு வலுவாக இருக்கும், குளிர்ந்ததும் கசடு பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். "அப்படியென்றால் நேராக இதிலேயே தொடங்கலாமே" என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒருமுறை அணைந்த 7018 ராடின் நுனியைக் கண்ணாடி போன்ற கசடு மூடிக்கொள்ளும். அதைத் தட்டி உடைத்தால்தான் மறுபடி பற்றும், பற்றவைக்கும்போது ஒட்டும். பத்து நொடிக்கு ஒருமுறை ஆர்க்கைத் தவறவிடும் புதியவருக்கு இது பெரிய எரிச்சல். அதைவிடப் பெரிய சிக்கல் ஈரம். இது ஹைட்ரஜன் குறைந்த ராடு. பூச்சு காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அந்தச் சிறப்பே போய்விடும். முறையான வேலையிடங்களில் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் அடுப்பில் உலர்த்தி, சூடான பெட்டியிலிருந்து எடுத்து உடனே பயன்படுத்துகிறார்கள். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் பிரித்த பெட்டியைப் பரணில் போட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து 7018 வைத்தேன் என்று பெருமைப்படுவதில் பொருளில்லை. 6013க்கு இவ்வளவு உபசாரம் வேண்டாம். மழைக்காலத்தில் மூடி இறுக்கமான டப்பாவில் வைத்தால் போதும்.

அமெரிக்கக் காணொளிகளில் வருகிறதே என்று 6010 தேடி அலைபவர்களும் உண்டு. அது ஆழமாக ஊடுருவும் செல்லுலோஸ் ராடு. குழாய் இணைப்பின் முதல் அடுக்குக்கு அதை மிஞ்ச முடியாது. ஆனால் வீட்டுக்கு வாங்கும் சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் இயந்திரங்களில் பல அதை எரிக்கவே திணறும். அதை விட்டுவிடலாம்.

என் தேர்வு: முதல் ஐந்து கிலோவும் 6013, அதிலும் 3.15. அடுத்த கிலோவில் 7018 பத்து ராடு உதிரியாக வாங்கி, ராடைக் கவ்வும் ஹோல்டரை பிளஸ் முனையில் மாட்டி, அதே தகட்டில் போட்டுப் பாருங்கள். அதுவரை 6013இல் கசடு எது என்று கண்டுபிடித்துப் பழகிய கண்ணுக்கு, 7018இன் குழம்பு கண்ணாடியைத் துடைத்ததுபோல் தெளிவாகத் தெரியும்.

2.5 மி.மீ. ராடு வேண்டாமா? வேண்டும், பிறகு. மெல்லிய ராடு வளையும், நுனி ஆடும், சீக்கிரம் தீரும். சிறியது எளிது என்று நினைத்துத்தான் எல்லோரும் அதை முதலில் வாங்குகிறோம்.

இயந்திரம்

இங்கே நான் நீட்டப்போவதில்லை, ஏனென்றால் வீட்டில் பழகுபவருக்கு இதில் உண்மையான போட்டியே கிடையாது. 110 ஆம்பியரில் வெல்டிங் வைக்கும்போது, 70 வோல்ட் திறந்த மின்னழுத்தம் (ஆர்க் எரியாதபோது இருக்கும் வோல்ட்) கொண்ட பழைய டிரான்ஸ்ஃபார்மர் இயந்திரம் 230 வோல்ட் லைனிலிருந்து 33 ஆம்பியர் இழுக்கும். அதே வேலைக்கு இன்வெர்ட்டர் 20 ஆம்பியர் அளவில் நிற்கும். வீட்டின் 16 ஆம்பியர் பிளக்குக்கு அதுவே அதிகம். தனி லைன், 4 சதுர மி.மீ. கம்பி, அதற்கேற்ற பிரேக்கர் என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்துகொள்ளுங்கள். பம்ப்செட் லைனில் மூன்று ஃபேஸ் இருக்கிறதே என்று சிலருக்கு ஆசை வரும். அது விவசாயத்துக்கு மட்டும் கொடுத்த இணைப்பு, வெல்டிங்குக்கு எடுப்பது விதிமீறல்.

டிசி தரும் இன்வெர்ட்டரில் ஆர்க் சீராக நிற்கும். ஏசியில் கரண்டு நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டு மீள்கிறது. அந்த நடுக்கத்தைச் சமாளிப்பது புதியவருக்குக் கூடுதல் சுமை. ராடு ஒட்டினால் கரண்டைத் தானே குறைக்கும் வசதியும், பற்றவைக்கும் நொடியில் கூடுதல் கரண்டு தரும் வசதியும் இருந்தால் நல்லது. பெட்டியின் மேல் 300, 400 என்று எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்காமல், 140 ஆம்பியரில் பத்து நிமிடத்துக்கு எத்தனை நிமிடம் ஓடும் என்பதைக் கேளுங்கள். ஆறு நிமிடம் என்றால் தாராளம்.

டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஒரு பெருமை சேரட்டும்: அது சாகாது. இன்வெர்ட்டரின் விசிறி கிரைண்டர் பறக்கவிடும் இரும்புத் தூளை உள்ளே இழுத்து போர்டைக் கொன்றுவிடும். கிரைண்டர் போடும் இடத்திலிருந்து அதைத் தள்ளி வைக்க வேண்டும். இன்னொன்று, வேலைப்பொருளைக் கவ்வி இயந்திரத்தோடு இணைக்கும் எர்த் கிளிப். கரண்டு குறைகிறது, இயந்திரம் சரியில்லை என்று புலம்பும் பாதிப் பேரின் எர்த் கிளிப் துருவின் மேலோ பெயின்டின் மேலோ கடித்துக்கொண்டிருக்கும்.

நேர் கோடா, ஆட்டலா?

ராடை வளைத்து வளைத்து ஆட்டினால்தான் வெல்டிங் என்று ஒரு நம்பிக்கை. பிறை, எட்டு, வட்டம் என்று ஆளுக்கொரு கோலம் சொல்லித் தருவார்கள். படுக்கைத் தகட்டில், 6013 ராடில், நேராக இழுப்பதே எனக்குப் பிடித்தது. ராடின் மேல்பகுதி, கோடு போகும் திசைப் பக்கமாக 15 டிகிரி அளவு சாய்ந்திருக்க வேண்டும். ஆர்க்கின் நீளம் ராடின் உள்கம்பி கனத்தைத் தாண்டக்கூடாது. கையில் நடுக்கம் உள்ளவர்கள் பூச்சின் விளிம்பு தகட்டை லேசாகத் தொடும்படி வைத்து இழுத்தாலும் 6013 மன்னிக்கும். ஆட்டும்போது ஆர்க்கின் நீளம், வேகம், சாய்வு மூன்றும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. கோடு கெட்டால் எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆட்டலின் அகலம் கூடினால் ஓரத்தில் கசடும் சிக்கும்.

செங்குத்தாக மேல்நோக்கிப் போகும்போது ஆட்டல் தேவைப்படும், அங்கே குழம்பு வழிந்துவிடாமல் ஓரங்களில் நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும். கேட் வேலையில் மேலிருந்து கீழே இழுத்துவிடுகிறார்கள். மெல்லிய இரும்புக்கு அது சரி. பாரம் தாங்கும் தடித்த இணைப்பில் அப்படி இழுத்தால் கோடு மேலோடு ஒட்டும், உள்ளே பிடிக்காது.

பற்றவைப்பதில் உரசுவதா, தட்டுவதா? உரசுவது எளிது, தீப்பெட்டியில் குச்சி கிழிக்கத் தெரிந்த எல்லோருக்கும் வரும். ஆனால் வேலைப்பொருளின் மேல் கீறல் கீறலாகத் தழும்பு விழும். முதல் கிலோ முழுக்க உரசுங்கள். பிறகு, அடுத்த கோடு எங்கே போகுமோ அந்தக் கோட்டின் மேலேயே உரசப் பழகுங்கள். தழும்பின் மேல் வெல்டிங் மூடிவிடும். தட்டுவது தானாக வரும்.

உடம்பை மறந்துவிடுகிறோம். முழங்கை எங்கேயும் ஊன்றாமல், குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் ஹோல்டர், மறு கையால் கறுப்புக் கண்ணாடி என்று இருந்தால் நேர்கோடு வராது. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, இரண்டாவது கையால் முதல் கையின் மணிக்கட்டைத் தாங்கி, முழங்கையை மேசையில் ஊன்றி ஒரு ராடு எரித்துப் பாருங்கள். ஆர்க் எரிக்கும் முன் அதே பாதையில் கை ஒருமுறை வெறுமனே போய்வரட்டும்.

கண்

பணம் குறைவென்றால் இயந்திரத்தில் குறையுங்கள், ஹெல்மெட்டில் வேண்டாம். நிலையான கறுப்புக் கண்ணாடி மலிவு, பழுதாகாது. ஆனால் அதை இறக்கியதும் எதுவும் தெரியாது. அந்த இருட்டில் ராடு நுனி அரை அங்குலம் நகர்ந்துவிடும். தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டில் பற்றவைக்கும் வரை இடம் தெரிகிறது. 3.15 ராடுக்கு 10 அல்லது 11 ஆம் எண் கறுப்பு பொருந்தும். நாற்பது வயது தாண்டியவர்கள் வாசிப்புக் கண்ணாடியை உள்ளே போட்டுக்கொள்ள வேண்டும். கை சரியில்லை என்று நினைத்துப் பல மாதம் போராடிய எனக்கு, குறை கண்ணில் என்று தெரிந்த நாள் நினைவிருக்கிறது.

ஆர்க் வெளிச்சம் கண்ணில் பட்டால் உடனே வலி எதுவும் தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, நள்ளிரவில், மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். உருளைக்கிழங்கு அறுத்து வைப்பது, தாய்ப்பால் விடுவது எல்லாம் வேண்டாம். கண் மருத்துவரிடம் போங்கள்.

யாரிடம் கற்பது?

தொழிலாகச் செய்ய நினைப்பவருக்கு ஐ.டி.ஐ.யை விட்டால் நல்ல வழி இல்லை. வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், சான்றிதழ் கிடைக்கும். படுக்கை, கிடை, செங்குத்து, தலைக்கு மேல் என எல்லா நிலைகளையும் வரிசையாகச் சொல்லித் தருவார்கள். பாய்லர், குழாய் என்று மேலே போக விரும்புபவருக்குத் திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.) வளாகத்தில் 1975இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தின் பயிற்சிகள் இருக்கின்றன.

பட்டறையில் சேர்ந்தால் முதல் பல மாதம் வெட்டுவதும் தேய்ப்பதும் பிடித்துக்கொள்வதும்தான். அது வீண் அல்ல. இரண்டு துண்டுகளைச் சந்து இல்லாமல் பொருத்தத் தெரிந்தால் வெல்டிங்கில் பாதி முடிந்தது. ஆனால் பட்டறைகள் பலவற்றில் தலையைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடியே இல்லாமல் டாக் (துண்டுகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் சிறு வெல்டிங் புள்ளி) வைப்பார்கள். அதை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் தனியாகப் பழகுபவருக்குக் கிடைக்காதது, தவறைப் பெயர் சொல்லிச் சுட்டும் ஆள். நான் செய்தது இது: வாரம் ஒருமுறை நான்கு துண்டுகளைப் பையில் போட்டு, அதே அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் டீ குடிக்கும் ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு துண்டிலும் ஆம்பியரைச் சாக்பீஸால் எழுதிவைத்திருந்தேன். அவர் எழுத்தைப் பார்க்காமலேயே, "இது தொண்ணூறா?" என்று கேட்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஆளே கிடைக்காவிட்டால் சுத்தியலிடம் காட்டலாம். இரண்டு தகட்டுத் துண்டுகளைத் தலைகீழ் டி வடிவில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் வைத்து, ஆறவிடுங்கள். அடித்தகட்டை வைஸில் இறுக்கி, நிற்கும் தகட்டை வெல்டிங் இல்லாத பக்கத்திலிருந்து பெரிய சுத்தியலால் அடித்து, வெல்டிங் பக்கமாகச் சாயுங்கள். உடையாமல் மடங்கினால் சந்தோஷம். உடைந்தால் முறிவைப் பாருங்கள். மூலையில் தகட்டின் வெட்டுமுனை உருகாமல் கோடுபோட்டதுபோல் அப்படியே இருந்தால், குழம்பு மூலைக்குள் இறங்கவில்லை: கரண்டைப் பத்து ஆம்பியர் கூட்டி, ஆர்க்கைக் குறுக்குங்கள். கறுப்புக் கசடு சிக்கியிருந்தால் சாய்வைச் சரிபாருங்கள். ஊசித் துளைகள் இருந்தால் துரு, ஈரம் அல்லது நீண்ட ஆர்க்.

என் முதல் துண்டு இரண்டாவது அடியில் உடைந்தது. பதினோராவது துண்டு மடங்கியது. அதற்குப் பிறகுதான் 2.5 ராடு ஒரு கிலோ வாங்கி, ஆட்டுக் கொட்டகைக்கு இரண்டாவது கதவு செய்யத் தொடங்கினேன்.